நீரும் உப்புகளும்: மனித ஊட்டத்தில் அளவும் விகிதமும்

மனித உடல் நாள்தோறும் ஏற்கும் பொருள்களுள் எடையால் முதலிடம் பெறுவது நீர்; ஆயினும் அதில் கலோரி ஏதும் இல்லாமையால் உணவுப் பட்டியல்களில் அது பெரும்பாலும் கடைசி வரியிலேயே இடம்பெறுகிறது. ஊட்டச்சத்தியல் பாடநூல்கள் நீரை ஓர் இயலிலும் கனிமங்களை வேறோர் இயலிலும் வைத்து விளக்குவது கற்பித்தலுக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் உடலுக்குள் இவ்விரண்டும் தனித்தனியே இயங்கும் இடம் ஒன்றுகூட இல்லை. ஒருவர் எவ்வளவு நீர் அருந்த வேண்டும், எவ்வளவு உப்பு உண்ண வேண்டும், எவ்வளவு கால்சியம் பெற வேண்டும் என்று தனித்தனியே எழுப்பப்படும் கேள்விகளுக்குத் தரப்படும் விடைகள் பல வேளைகளில் பிழைபடுவதற்கு இந்தப் பிரிப்பே காரணம். எவ்வளவு என்பதற்கு முன்பே எதனோடு சேர்ந்து, எந்த விகிதத்தில் என்பது கேட்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து.

நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் கனிமங்கள் பேரளவுக் கனிமங்கள் எனப்படுகின்றன. கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம், சோடியம், குளோரைடு, மக்னீசியம் என அவை ஏழு. இரும்பு, துத்தநாகம், அயோடின் போன்றவை அதைவிடக் குறைந்த அளவில் தேவைப்படுவதால் நுண்ணளவுக் கனிமங்கள் என்ற வகையில் வைக்கப்படுகின்றன. இது தேவைப்படும் அளவைப் பொறுத்த பிரிவே தவிர, உயர்வு தாழ்வைக் காட்டுவதன்று. ஏழனுள் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் முதன்மையாகக் கரைந்த நிலையில், மின்னூட்டம் பெற்ற துகள்களாக, அதாவது அயனிகளாக இயங்குகின்றன. கால்சியம், பாஸ்பரஸ், மக்னீசியம் ஆகியவற்றின் பெரும்பகுதி எலும்பில் தங்கியிருக்க, ஒரு சிறு பகுதி மட்டும் கரைந்து உலவுகிறது; அந்தச் சிறு பகுதியின் அளவு பிறழ்ந்தால்தான் உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

எழுபது கிலோ எடையுள்ள வளர்ந்த ஆணின் உடலில் ஏறக்குறைய 42 லிட்டர் நீர் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உடலில் நீரின் பங்கு 75 சதவீதம் அளவுக்கு இருக்கும். கொழுப்புத் திசுவில் நீர் குறைவென்பதால் பெண்களிடமும் முதியவர்களிடமும் இப்பங்கு ஆண்களைவிடச் சற்றுக் குறைவு. அந்த 42 லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளும், மூன்றில் ஒரு பங்கு செல்களுக்கு வெளியேயும் இருக்கின்றன. ரத்தத்தின் திரவப் பகுதியாகிய பிளாஸ்மா மூன்று லிட்டர் அளவே. வெளித்திரவத்தில் சோடியம் மிகுந்து லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை மட்டுமே இருக்கிறது. செல்லுக்குள் நிலைமை தலைகீழ்: அங்கே பொட்டாசியம் 140 மில்லிமோல் அளவுக்கு மிகுந்தும் சோடியம் மிகக் குறைந்தும் காணப்படுகின்றன.

நீர் செல்லின் சவ்வைத் தடையின்றிக் கடக்க வல்லது. அயனிகளால் அவ்வாறு கடக்க முடியாது. எனவே கரைபொருள் அடர்த்தி எந்தப் பக்கம் மிகுகிறதோ அந்தப் பக்கம் நீர் செல்கிறது. சவ்வூடு பரவல் எனப்படும் இந்த எளிய இயற்பியல் விதிதான் உடலின் நீர்ப் பங்கீட்டை முடிவு செய்கிறது. உடலில் நீரைத் தானே இறைத்து ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செலுத்தும் பொறி எதுவும் இல்லை. உப்பு இடம் மாற, நீர் பின்தொடர்கிறது. உப்பை இடம் மாற்றும் பொறியைக் கண்டறிந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ; 1957இல் அவர் விவரித்த அந்த நொதி, செல்லின் ஆற்றலை ஏந்தும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒவ்வொன்றையும் செலவிட்டு மூன்று சோடியம் அயனிகளைச் செல்லிலிருந்து வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், இதற்காக வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. உடல் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பணிக்கே போகிறது. மனிதர் உண்ணும் சோற்றில் கணிசமான பகுதி, சோடியத்தை வெளியிலும் பொட்டாசியத்தை உள்ளிலும் நிறுத்தி வைப்பதற்காகவே எரிகிறது என்பதிலிருந்து, இந்த விகிதத்தைக் காப்பதற்கு உடல் தரும் முதன்மை விளங்கும்.

கனிமங்களின் விகிதம் உயிரியக்கத்தை எவ்வளவு நுட்பமாக ஆள்கிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டிய சோதனை லண்டனில் நடந்தது. யுனிவர்சிட்டி கல்லூரியில் மருத்துவராக இருந்த சிட்னி ரிங்கர், உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் இயங்கச் செய்து, அது நெடுநேரம் துடிப்பதாக 1882இல் எழுதினார். சோடியம் குளோரைடு கரைசலே இதயத்தை இயக்கப் போதுமானது என்ற எண்ணத்துக்கு அது இடம் தந்தது. ஆனால் கரைசலைத் தயாரிக்கக் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக, நியூ ரிவர் நிறுவனம் நகருக்கு வழங்கிய குழாய் நீர் பயன்படுத்தப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. வடித்த நீரில் அதே உப்பைக் கரைத்து மீண்டும் சோதித்தபோது இதயத்தின் சுருக்கம் படிப்படியாகத் தளர்ந்து நின்றுபோயிற்று. கரைசலில் கால்சியம் சேர்த்தபோது சுருக்கம் மீண்டது. கால்சியம் மட்டும் இருந்தால் தசை இறுகி முழுமையாகத் தளராமற்போகவே, அதைச் சமன் செய்யச் சிறிதளவு பொட்டாசியமும் தேவைப்பட்டது. குழாய் நீரில் கரைந்திருந்த, யாரும் பொருட்படுத்தாத கால்சியம்தான் முதல் சோதனையில் இதயத்தை இயக்கியிருக்கிறது என்ற முடிவை ரிங்கர் 1883இல் வெளியிட்டார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் உரிய விகிதத்தில் அமைந்த அந்தக் கரைசலுடன் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று அரசு மருத்துவமனை வார்டுகளில் 'ஆர்.எல்.' என்ற சுருக்கப் பெயரோடு தொங்கும் பாட்டிலில் இருப்பது அந்தக் கரைசலே.

உடலின் நீர்க் கணக்கில் வரவு மூன்று வழிகளில் அமைகிறது: அருந்தும் பானங்கள், உணவில் அடங்கிய நீர், உணவு எரியும்போது செல்களுக்குள்ளேயே உருவாகும் கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீர். செலவு சிறுநீர், வியர்வை, மூச்சு, மலம் ஆகியவற்றின் வழியாக நிகழ்கிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஓரிரு லிட்டரை மட்டும் வெளியேற்றிவிட்டு மற்ற அனைத்தையும் மீட்டுக்கொள்கின்றன. கழிவுகளை வெளியேற்றக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது தேவை. சிறுநீரை அதற்குமேல் செறிவூட்ட மனிதச் சிறுநீரகத்தால் இயலாது. ரத்தத்தின் கரைபொருள் அடர்த்தி ஓரிரு சதவீதம் உயர்ந்த உடனேயே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதை உணர்ந்து தாகத்தை எழுப்புவதோடு, வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து சிறுநீரின் அளவையும் குறைக்கிறது. தாகம் என்பது நீரின் குறைவை நேரடியாக அளக்கும் உணர்வு என்பதைவிட, முதன்மையாக நீருக்கும் சோடியத்துக்கும் இடையிலான விகிதத்தை அளக்கும் உணர்வு என்பதே பொருத்தம்.

நாளொன்றுக்கு எட்டுக் குவளை என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இதனால்தான் அறிவியல் அடிப்படை குன்றியதாகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் எனப் போதுமான அளவைக் குறித்தபோது, அதில் உணவிலிருந்து கிடைக்கும் நீரையும் சேர்த்தே கணக்கிட்டது. அதுவும் மிதமான தட்பவெப்பத்தில் மிதமாக உழைப்போருக்கான அளவு. சோறும் குழம்பும் ரசமும் மோரும் உண்பவருக்கு உணவின் வழியே கிடைக்கும் நீர், ரொட்டியும் வறுவலும் உண்பவருக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம். மறுபுறம், தூத்துக்குடி உப்பளத்திலோ செங்கல் சூளையிலோ வேலை செய்பவர் ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கக்கூடும். அவருக்கு எட்டுக் குவளை எந்த வகையிலும் போதாது. அந்த வியர்வையோடு சோடியமும் குளோரைடும் வெளியேறுவதால், வெறும் நீரால் மட்டும் அவரது இழப்பு ஈடாவதில்லை. உப்பிட்ட மோரும், பழைய சோற்றின் நீராகாரமும், கஞ்சியும் உழைப்பாளர் உணவில் நிலைபெற்றிருப்பதற்கு உடலியல் வழிப்பட்ட நியாயம் உண்டு. முதுமையில் தாக உணர்வு மங்குவதால், வெயில் காலத்தில் முதியவர்கள் கேட்காமலேயே அவர்களுக்கு நீரும் மோரும் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

நீர் மிகுந்தாலும் ஆபத்துண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை. சிறுநீரகத்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்ற இயலாத நிலையில், அதை மீறி நீர் அருந்தப்பட்டால் ரத்தச் சோடியம் நீர்த்துப்போய், நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாத மூளைக்கே இதனால் முதல் கேடு நேர்கிறது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்களுள் 488 பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டபோது, 13 சதவீதத்தினரிடம் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள், இந்நிலைக்கு மிகுதியும் ஆளாகியிருந்தனர். கைக்குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அண்மையில் இருக்கிறது. பால்மாவில் அளவுக்கு மீறி நீர் கலப்பதாலும், தாய்ப்பால் மட்டுமே போதுமான முதல் ஆறு மாதங்களில் தண்ணீர் புகட்டுவதாலும் குழந்தையின் சோடியம் தாழ்ந்து வலிப்பு வரை செல்லக்கூடும். கோடையில் குழந்தைக்கு நா வறளுமே என்ற அக்கறையில் செய்யப்படும் செயல் இது. தாய்ப்பாலிலேயே தேவையான நீர் இருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு மருத்துவப் பணியாளர்களுடையது.

நீரும் கனிமமும் பிரிக்க முடியாதவை என்பதை மக்கள் உயிர்களைக் காத்தே மெய்ப்பித்தது வயிற்றுப்போக்கு மருத்துவம். காலரா கண்டவரின் குடல், நீரையும் உப்புகளையும் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வெளியேற்றக்கூடும். அந்நிலையில் வெறும் நீரோ உப்பு நீரோ கொடுத்தால் குடல் அதை ஏற்பதில்லை. ஆனால் குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒருசேர உள்ளிழுக்கும் ஒரு புரதம் காலராவிலும் கெடாமல் இயங்குகிறது. இந்த இணை உறிஞ்சலை ராபர்ட் கிரேன் 1960இல் பிராகு நகரில் முன்வைத்தார். குளுக்கோஸ் சோடியத்தை அழைத்துச் செல்ல, சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமுக்கு அகதிகள் பெருந்திரளாக வந்து காலரா பரவி, சிரை வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்த அறிவையே துணையாகக் கொண்டார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொட்டலங்கள் கட்டப்பட்டு, பீப்பாய் நீரில் கரைக்கப்பட்டு, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குவளை குவளையாகப் புகட்டப்பட்டன. முகாமில் 20 முதல் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, இச்சிகிச்சை பெற்றோரிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி அறிவித்த உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. இதில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே அளவில், அதாவது 75 மில்லிமோல் வீதம் அமைந்திருப்பது தற்செயலானதன்று. பழைய கரைசலில் இரண்டுமே கூடுதலாக இருந்ததால் மலத்தின் அளவு குறையாதிருந்தது கண்டறியப்பட்டே இந்தத் திருத்தம் செய்யப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து உருவாக்கும் கொழுப்பு அமிலங்கள் அங்கேயும் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சச் செய்து, காலராவின் வயிற்றுப்போக்கை விரைவில் தணிப்பதாக 2000இல் நிறுவினர். இத்தனை நுட்பமாகக் கணக்கிட்ட கரைசலின் முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளர் நீரில் கரைத்துப் புகட்டும் பிழை வீடுகளில் நடப்பதுண்டு. அவ்வாறு செய்தால் கரைசலின் அடர்த்தி நான்கைந்து மடங்காகி, குடல் நீரை ஏற்பதற்கு மாறாக இழக்கவும், குழந்தையின் ரத்தச் சோடியம் ஆபத்தான அளவுக்கு உயரவும் நேரிடும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருப்பதால், கடும் வயிற்றுப்போக்கில் அது இக்கரைசலுக்கு மாற்றாக முடியாது.

நாட்பட்ட நோய்களிலும் இதே விகிதமே பேசுகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையும், 3.5 கிராமுக்குக் குறையாத பொட்டாசியத்தையும் பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத் தீனிகள் ஆகியவற்றால் முதல் எல்லை மீறப்படுவதும், காய்கறி, பழம், பருப்பு, கீரை குறைவதால் இரண்டாவது எட்டப்படாததும் ஒரே தட்டில் நிகழ்கின்றன. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், சாதாரண உப்புக்குப் பதிலாக நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. சோடியத்தைக் குறைத்ததும் பொட்டாசியத்தைக் கூட்டியதும் சேர்ந்து அளித்த பயன் இது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மட்டும் இவ்வகை உப்பு நஞ்சாகக்கூடும்; வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் அவர்கள் இதைத் தொடக்கூடாது.

கால்சியம் வளர்ந்தவர் உடலில் ஒரு கிலோவுக்கு மேல் இருந்தும், அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடுகிறது. எஞ்சிய ஒரு சதவீதமே தசைச் சுருக்கம், நரம்புச் செய்தி, ரத்த உறைதல் ஆகியவற்றை நடத்துகிறது. ரத்தக் கால்சியம் சற்றுத் தாழ்ந்தாலும் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து அதை ஈடுகட்டிவிடுவதால், உணவில் பற்றாக்குறை பல ஆண்டுகள் நீடித்தாலும் ரத்தப் பரிசோதனையில் அது தெரிவதில்லை; எலும்பு முறியும் வயதில்தான் தெரிகிறது. உணவில் கால்சியம் எவ்வளவு என்பதோடு அது எதனுடன் சேர்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். பாலக்கீரையின் கால்சியம் ஆக்சலேட்டுடன் பிணைந்திருப்பதால் அதில் ஏறக்குறைய 5 சதவீதமே உறிஞ்சப்படுகிறது. பாலில் இது நான்கில் ஒரு பங்குக்கு மேல். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கொண்ட கேழ்வரகிலும் பைட்டிக் அமிலம் உறிஞ்சலைத் தடுக்கிறது. முளைகட்டுவதும், மாவைப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சுவதும் அத்தடையைத் தளர்த்துகின்றன. கேழ்வரகின் பெருமையைப் பேசுவோர் அதன் சமையல் முறையையும் சேர்த்தே பேச வேண்டும்.

மக்னீசியம் முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகளுக்குத் துணை நிற்கிறது. அது குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சரியாகச் சுரப்பதில்லை. அதனால் ரத்தக் கால்சியமும் தாழ்கிறது, எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் மக்னீசியம் ஈடாகும்வரை அது உயர்வதில்லை. பாஸ்பரஸ் ஏறக்குறைய எல்லா உணவிலும் இருப்பதால் அதன் குறைபாடு அரிது. ஆனால் நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரெனப் பேருணவு அளித்தால், செல்கள் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டை ஒரேயடியாக உள்ளிழுத்துக்கொள்ள, இதயமும் மூச்சும் தளர்ந்து உயிர் பிரியக்கூடும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலருக்கு உணவு கிடைத்த பின்னரே இத்தகைய கோளாறுகள் நேர்ந்தன. கந்தகம் புரதத்தின் வழியே வந்துவிடுவதால் அதற்குத் தனி அளவு வகுக்கப்படவில்லை. குளோரைடும் உப்போடு தானே வருவது என்று கருதப்பட்டது. 1979இல் அமெரிக்காவில் குளோரைடு குறைவாக இருந்த சோயாப் பால்மாவை உண்ட கைக்குழந்தைகள் ரத்தத்தின் காரத்தன்மை மிகுந்து, வளர்ச்சி குன்றி நோயுற்ற பிறகே, குழந்தைப் பால்மாக்களின் சத்து அளவுகளை வரையறுக்கும் சட்டம் அங்கே 1980இல் இயற்றப்பட்டது.

குடிநீரே கனிமங்களைத் தரும் உணவு என்ற உண்மை ரிங்கரின் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில், கரைந்த திடப்பொருள்களுக்கு, அதாவது டி.டி.எஸ்.ஸுக்கு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் குறிக்கப்பட்டுள்ளன. கால்சியத்துக்கு 75, மக்னீசியத்துக்கு 30 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவுகள். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், அதாவது ஆர்.ஓ. கருவியில், வடிக்கப்படும் நீரில் இக்கனிமங்களின் பெரும்பகுதி நீங்கிவிடுவதோடு, வீட்டுக் கருவிகளில் உட்செல்லும் நீரில் பாதிக்கும் மேல் கழிவாக ஓடுகிறது. டி.டி.எஸ். 500க்குக் கீழுள்ள இடங்களில் இக்கருவியைத் தடை செய்ய விதி வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அரசுக்கு அறிவுறுத்தியதன் காரணம் இந்த வீணடிப்பும் கனிம இழப்புமே. அதேசமயம் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கும் ஊர்களுக்கும், உப்பு நீர் மட்டுமே கிடைக்கும் கடலோர ஊர்களுக்கும் அக்கருவி தேவையாகவே இருக்கிறது. விற்பனையாளர் கையில் வைத்துக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லுமே தவிர, அதில் நல்ல கால்சியம் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு, நோய்க்கிருமி உண்டா என்பதையெல்லாம் சொல்லாது. ஆகவே கருவி வாங்கும் முன் வீட்டு நீரை ஒரு முறையேனும் ஆய்வகத்தில் முழுமையாகச் சோதித்து, அதில் நீக்க வேண்டியது என்ன என்று தெரிந்துகொண்ட பிறகே எந்தக் கருவி வேண்டும், கருவியே வேண்டுமா என்பதை முடிவு செய்வது நல்லது.